ஒன்பதாம் பக்கத்து வரி

நர்மதா என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று யாராவது கேட்டால், அவள் அம்மா பூவம்மாள், "காலேஜ்ல கணக்கு சொல்லிக் குடுக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பழவேற்காடு ஏரியில் இறால் பிடித்துக்கொண்டிருந்த கலியனின் ஒரே மகள் அவள். பொன்னேரியில் பி.எஸ்சி., சென்னையில் எம்.எஸ்சி., எம்.பில். என்று படித்து, இருபத்தாறு வயதில் புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணித உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தாள். கலியன் இறந்த பிறகு அம்மாவைப் பொன்னேரிக்கு அழைத்து வந்து வாடகை வீட்டில் வைத்துக்கொண்டாள். கல்யாணம் கூடிவரவில்லை. நாற்பது தாண்டிய பிறகு வீட்டில் அந்தப் பேச்சும் நின்றுவிட்டது.

கல்லூரியில் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் வகுப்பு. அது போக, தேர்வுப் பணி, வருகைப் பதிவேடு, ஆய்வுக் குழு வரும்போது கோப்பு அடுக்கும் வேலை. இவ்வளவுக்கும் நடுவே அவள் மனம் போய் ஒட்டிக்கொண்டது கோட்டுருவியலில். புள்ளிகள், அவற்றைச் சேர்க்கும் கோடுகள், அவ்வளவுதான் அந்தத் துறையின் மூலப்பொருள். கிளைவிட்டுக்கொண்டே போய், எங்கேயும் சுற்றி வந்து மூடாத படத்துக்கு அதில் மரம் என்று பெயர். மரத்தின் சில புள்ளிகளில் காவலாளிகளை நிறுத்த வேண்டும். எந்தெந்தக் காவலாளியின் பார்வையில் ஒரு புள்ளி படுகிறது என்பதைக் கேட்டே, அது இன்ன புள்ளி என்று தவறாமல் சொல்லிவிட முடிய வேண்டும். அதற்குக் குறைந்தது எத்தனை காவலாளிகள் போதும்? இந்தக் கேள்விதான் நர்மதாவின் வாழ்க்கையில் பத்துப் பதினைந்து வருடங்களை எடுத்துக்கொண்டது.

2012இல் பகுதிநேர ஆய்வு மாணவியாகப் பதிவு செய்தாள். வழிகாட்டி சென்னையில் இருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனால் எழுதியதைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு யோசித்தது பிரின்சிதான்.

பிரின்சி அடுத்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தவள், நர்மதாவைவிட நான்கு வயது இளையவள். வீடு கும்மிடிப்பூண்டியில். கணவர் ராபின் சிப்காட்டில் ஓர் இரும்பு உருட்டாலையில் பிட்டர். குழந்தை இல்லை. பிரின்சிக்கும் பி.எச்டி. பதிவு செய்ய ஆசைதான். ஆனால் கல்லூரி ஒரு துறைக்கு ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் தடையில்லாச் சான்று தரும். அவள் முறை வருவதற்குள் யாராவது மூத்தவர் மனு போட்டுவிடுவார். இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். மூன்றாம் முறை கேட்கவில்லை.

இருவரும் யோசிக்கும் விதம் வேறு. நர்மதாவுக்கு வேகம். ஒரு தேற்றத்தின் முடிவு முதலில் கண்ணில் பட்டுவிடும், பிறகுதான் வழியைத் தேடுவாள். பிரின்சி ஒவ்வொரு புள்ளியாகக் கை வைத்து நடப்பவள். "இது தெரிஞ்சதுதானே" என்று நர்மதா தாண்டும் இடத்தில் எல்லாம், "இருக்கட்டும்க்கா, ஒருவாட்டி போட்டுப் பாத்துடலாம்" என்பாள். போட்டுப் பார்த்த இடங்களில் இரண்டு முறை நர்மதா வழுக்கியிருந்தது தெரிந்தது. அதை அவள் குத்திக்காட்டியதும் இல்லை, மற்றவர்களிடம் சொன்னதும் இல்லை. ஆசிரியர் அறையில் இருவருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பில்லாத மணி வாரத்துக்கு மூன்றே மூன்றுதான் கிடைக்கும். அந்த மூன்று மணியில் ஐந்தாண்டு வேலை நடந்தது.

2018 நடுவில் தேற்றம் கைக்கு வந்தது. குறிப்பிட்ட சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட எல்லா மரங்களுக்கும், இத்தனை காவலாளிகள் போதும் என்று ஒரு சூத்திரம். மரத்தின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, மிச்சமுள்ள சின்ன மரத்துக்குச் சூத்திரம் சரி என்று வைத்துக்கொண்டு, வெட்டிய துண்டைத் திரும்ப ஒட்டிக் காட்டுவதுதான் நிரூபணம். வெட்டிய பிறகு மிச்சமுள்ள மரம் நிபந்தனைக்குள் அடங்கினால் முதல் நிலை. அடங்காமல் போனால் இரண்டாம் நிலை. கட்டுரையின் மூன்றாம் பகுதியான இதை எழுதியது பிரின்சி. மற்ற பகுதிகளை நர்மதா எழுதினாள். முழுவதையும் தட்டச்சு செய்து ஒரு பன்னாட்டு இதழுக்கு அனுப்பியதும் அவள்தான். இருவர் பெயரிலும் அது 2019இல் வெளிவந்தது. அதை நான்காம் இயலாக வைத்து அவள் ஆய்வேடு கொடுத்தாள். மறு ஆண்டு பெயருக்கு முன்னால் டாக்டர் வந்தது.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், பிரின்சி இறந்துபோனாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. முப்பத்தாறு வயது. அடக்கத்துக்கு ராபினையும் பாதிரியாரையும் தவிர யாரையும் விடவில்லை. கல்லூரியில் ஆன்லைனில் ஒரு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்த முகங்களைப் பார்த்தபடி நர்மதா பேசத் தொடங்கி, இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவள் ஆராய்ச்சி என்று எதையும் தொடவில்லை.

அந்த மின்னஞ்சல் வந்தது 2023 ஆகஸ்டில். அனுப்பியவள் பெயர் அஸ்வினி, பெங்களூரில் ஆய்வு மாணவி. மிகவும் பணிவாக எழுதியிருந்தாள். உங்கள் கட்டுரையைப் படித்தேன், மிகவும் பயன்பட்டது, ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி எனக்குப் பிடிபடவில்லை, நான் எங்கோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று சொல்லி, கீழே ஒரு மரத்தை வரைந்து அனுப்பியிருந்தாள். பதினான்கு புள்ளிகள். சூத்திரப்படி அதற்கு ஐந்து காவலாளிகள் போதும். ஆறு வேண்டியிருக்கிறதே, சரியா?

நர்மதா அச்சடித்த கட்டுரையை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தாள். முதல் நிலைக்கு முக்கால் பக்கம் நிரூபணம் இருந்தது. அதன் கீழே ஒற்றை வரி: "இரண்டாம் நிலையும் இதேபோல நிறுவப்படும்." அவ்வளவுதான்.

முதலில் கையால் போட்டுப் பார்த்தாள். பிறகு கணினிக் கூடத்தில் ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினாள். பதினான்கு புள்ளியில் ஐந்தைப் பொறுக்க இரண்டாயிரத்து இரண்டு வழிகள் உண்டு. இரண்டாயிரத்து இரண்டையும் பார்த்தது கணினி. ஒன்றுகூடத் தேறவில்லை. தேற்றம் பொய்.

அன்று மதியம் அவளுக்கு இரண்டு வகுப்புகள் இருந்தன. இரண்டையும் எடுத்தாள். மாலையில் பேருந்தில் உட்கார்ந்து அந்த ஒன்பதாம் பக்கத்தைத் திரும்ப எடுத்தாள். நாலு வருடமாக ஒரு பொய் அச்சில் இருந்திருக்கிறது. அதன்மேல் ஒரு பட்டம் நிற்கிறது. அதைவிட மனதை அறுத்தது வேறொன்று. அது பிரின்சியின் பகுதி. எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கும் பிரின்சி இந்த ஓரிடத்தில் எப்படிப் போட்டுப் பார்க்காமல் விட்டாள்? கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

மறுநாள் துறைத் தலைவர் தணிகைவேலிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. திருத்தணிப் பக்கம், நெல் விவசாயக் குடும்பம். இருபது வருடமாக அந்தத் துறையை இழுத்துக்கொண்டு ஓடியவர். முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மேடம், அந்தப் பேப்பர உலகத்துல எத்தினி பேர் படிச்சிருப்பான்? நீங்க, பத்திரிகைக்காக சரிபாத்த ரெஃபரி, இந்தப் பொண்ணு. வுட்டுட்டா யாருக்கு இன்னா நஷ்டம்?"

அது முடியாது என்றாள் நர்மதா. அஸ்வினி அதன்மேல் தன் வேலையைக் கட்டப் பார்க்கிறாள், நாளைக்கு இன்னொருவர் கட்டுவார் என்றாள். தணிகைவேல் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்றார். அந்தப் பகுதி பிரின்சி எழுதியது. அதுதானே உண்மை? அப்படி எழுதினால் பல்கலைக்கழகம் உங்கள் பட்டத்தில் கை வைக்க யோசிக்கும்.

நர்மதா அப்படியே இதழுக்கு ஒரு கடிதம் தயார் செய்தாள். பொய் எதுவும் இல்லை அதில். 'இந்தப் பகுதியை எழுதிய என் இணை ஆசிரியர் காலமாகிவிட்டதால், விடுபட்ட நிரூபணத்தை அவரிடம் கேட்டுப் பெற இயலவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். திரும்பத் திரும்பப் படித்தாள். ஒவ்வொரு சொல்லும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ராபினுக்குத் தெரியாமல் அனுப்ப மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரம் பார்த்துக் கும்மிடிப்பூண்டிக்குப் போனாள்.

ராபின் டீ போட்டுக் கொடுத்தார். நர்மதா கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். எங்கள் கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும் என்றாள். அவர் கடிதத்தை வாங்கி, உதட்டை அசைத்து அசைத்து மெதுவாகப் படித்தார். அந்த ஒரு வாக்கியத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"இது பிரின்சியத்தான சொல்றீங்க?"

"ஆமா."

"அவ இல்ல, கேக்க முடியாது, அதனால அவ தப்பு. இருந்திருந்தா இத எழுதுவீங்களா மேடம்?"

இருந்திருந்தால் எழுந்து போய் அவள் மேசைமேல் அந்தப் படத்தை வைத்திருப்பேன், இருவருமாக உட்கார்ந்திருப்போம் என்று நர்மதா நினைத்தாள். பிரின்சியின் நோட்டுகள் இருந்தால் ஒருமுறை பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, அவள் நோட்டை நான் யாரிடமும் கொடுப்பதில்லை என்றார். குரல் உயரவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

நர்மதா கடிதத்தை அனுப்பவில்லை. கிழிக்கவும் இல்லை. அந்த வாரம் முழுவதும் இரண்டாம் நிலையோடு மல்லாடினாள். எப்படி வெட்டினாலும் ஒட்டும்போது ஒரு புள்ளி காவலுக்கு வெளியே நின்றது.

சனிக்கிழமை இரண்டரை மணிக்கு, முதல் ஷிப்ட் முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் ராபின் கல்லூரிக்கு வந்தார். கையில் ஒரு கட்டைப்பை. ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. பையிலிருந்து பதினோரு நீள நோட்டுகளை எடுத்து மேசைமேல் அடுக்கினார்.

"எனக்கு இதுல ஒரு எழுத்து புரியாது மேடம். ஆனா ஊட்ல உக்காந்து அவ எழுதிக்கினே இருந்தத நான் பாத்துருக்கேன். ஒண்ண ஆரம்பிச்சா முடிக்காம எந்திரிக்க மாட்டா. நீங்களே பாருங்க. பாத்துட்டு அவ தப்புன்னா, எம் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. நான் போய்டறேன்."

சொல்லிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நர்மதா ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினாள். பிரின்சி ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே தேதி போடுபவள். அது நர்மதாவுக்குத் தெரிந்ததுதான். ஏழாவது நோட்டில் 2019 ஜனவரி வந்தது. பதினேழாம் தேதி. 'நிலை 2' என்று தலைப்பு. ஒன்றரைப் பக்கம் அடித்தல் திருத்தலின்றி ஓடியது. கடைசியில் ஒரு மரம் வரைந்திருந்தாள். பதினெட்டுப் புள்ளிகள். அஸ்வினி அனுப்பியதைவிடப் பெரியது, ஆனால் அதே குடும்பம். அதன் கீழே தமிழில் எழுதியிருந்தாள்: 'இங்கே காவலாளி ஒன்று கூடும். சூத்திரம் போதாது. அக்காவிடம் காட்ட வேண்டும்.'

அடுத்த வரி வேறு மையில் இருந்தது. பதினெட்டாம் தேதி. 'அக்காவிடம் கேட்டேன். இதேபோலத்தான் வரும் என்றார். பக்கம் குறைக்க வேண்டுமாம். சரி.'

நர்மதாவுக்கு அப்போதுதான் எல்லாம் திரும்பி வந்தது. கட்டுரை பதினாறு பக்கம். இதழ் பன்னிரண்டுக்குள் சுருக்கச் சொல்லி இரண்டு வாரம் கெடு கொடுத்திருந்தது. செமஸ்டர் விடைத்தாள்கள் மேசைமேல் கட்டுக் கட்டாகக் கிடந்தன. கட்டுரை ஏற்கப்பட்டால்தான் அந்தப் பருவத்தில் ஆய்வேடு கொடுக்க முடியும், இல்லாவிட்டால் இன்னும் ஓராண்டு. பிரின்சி ஒரு நோட்டைத் திறந்து பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, இந்த ரெண்டாவது கேஸ் மட்டும் ஒருவாட்டி பாருங்களேன்." நர்மதா கணினித் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "அது அதே மாதிரிதான்டி வரும். ஒரு வரில முடிச்சுக்கலாம்." அந்த வரியை அவள் விரல்கள் அடித்தன. பிரின்சி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நோட்டை மூடிக்கொண்டு போனாள்.

நோட்டின் பக்கத்தை நர்மதா ஒருமுறை பார்த்திருந்தால் போதும். தலையைத் திருப்பினால் தெரியும் தூரம்தான்.

"இன்னா மேடம்?" என்றார் ராபின்.

நர்மதா நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். தமிழில் எழுதியிருந்த இரண்டு வரிகளையும் அவரே படித்தார்.

"அக்கான்றது நீங்களா?"

"நான்தான். பிரின்சி சரியாத்தான் எழுதியிருக்கா. என்னாண்ட கொண்டாந்து காட்டுனா. நான் திரும்பிக்கூடப் பாக்கல. அந்த வரி நான் போட்டது. தப்பு என்னுது ராபின், அவளுது இல்ல."

ராபின் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெளியே கல்லூரிப் பேருந்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. கோபப்படுவார், கத்துவார் என்று நர்மதா காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது.

"தான் சொன்னது சரின்னு அவளுக்குத் தெரியுமா?" என்று கடைசியில் கேட்டார்.

"தெரியல. 'சரி'ன்னு எழுதியிருக்கா. நான் சொன்னத நம்பிட்டாளா, பேச்ச வளக்க வேணாம்னு வுட்டுட்டாளான்னு எனக்குத் தெரியல."

"நம்பியிருப்பா" என்றார் ராபின். "உங்கள ரொம்ப நம்புவா."

அதைக் கேட்டபோதுதான் நர்மதா அழுதாள்.

அவர் பதினோரு நோட்டுகளையும் அவளிடமே விட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். பூவம்மாளுக்கு மரமும் காவலாளியும் புரியவில்லை. புரிய வேண்டியது மட்டும் புரிந்தது. எழுதிக் கொடுத்தால் பட்டம் போய்விடுமா என்று கேட்டாள். போனாலும் போகலாம் என்றாள் நர்மதா.

"அந்தப் பொண்ணு சொல்லியும் நீ கேக்கலயா?"

"கேக்கலம்மா."

பூவம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அப்ப எழுதிக் குடுத்துடு. செத்தவ மேல போட்டுக்கினு நீ சோறு துன்ன முடியாது."

பழைய கடிதத்தை நர்மதா அழித்தாள். புதிய கடிதத்தில் 'நாங்கள்' என்ற சொல்லே இல்லை. மூன்றாம் பகுதியை எழுதிய இணை ஆசிரியர் பிழையை 2019 ஜனவரியிலேயே கண்டு சொன்னார், நான் அதைப் பரிசோதிக்காமல் நீக்கினேன், அச்சிட்ட வரி என்னுடையது என்று எழுதினாள். நோட்டின் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து இணைத்தாள். இதழுக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, அஸ்வினிக்கு ஒன்று என்று மூன்று இடத்துக்கும் அனுப்பினாள்.

அதன் பிறகு வந்ததெல்லாம் மெதுவாக வந்தது. இதழ் நான்கு மாதம் எடுத்துக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றது. கல்லூரி முதல்வர் அவளைக் கூப்பிட்டு, தரமதிப்பீட்டுக் குழு வரும் வருடத்தில் இப்படிச் செய்யலாமா, முதலில் எங்களிடம் கேட்டிருக்க வேண்டாமா என்று வருத்தப்பட்டார். இணைப் பேராசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அடுத்த பட்டியலில் இல்லை. தணிகைவேல் மட்டும் ஒருநாள் நடைபாதையில் நிறுத்தி, நான் சொன்னபடி அனுப்பியிருந்தால் எனக்கும் அதில் பங்கு வந்திருக்கும், நல்லவேளை நீங்கள் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

பல்கலைக்கழகம் மூன்று பேர் கொண்ட குழுவைப் போட்டது. அது முடியப் பதினான்கு மாதம் ஆனது. விசாரணை நாளில் அவர்களில் ஒருவர், நோட்டைக் காட்டியபோது ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார். பணிச்சுமையைச் சொல்லலாம், கெடுவைச் சொல்லலாம். இரண்டும் உண்மைதான். நர்மதா, "அவங்களுக்கு டாக்டர் பட்டம் இல்ல, நான் வாங்கப் போறவ. அந்த நெனப்பு இருந்திருக்கு சார்" என்றாள். அதை அவள் அதற்கு முன் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. குழு நான்காம் இயலை நீக்கித் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கச் சொன்னது. மற்ற இயல்கள் தனித்து நின்றதால் பட்டம் தப்பியது.

அந்தப் பதினான்கு மாதமும் அவள் பிரின்சியின் ஒன்றரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'ஒன்று கூடும்' என்று பிரின்சி எழுதியிருந்தாள். மரத்தை வெட்டும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடிக்கொண்டே போனால் சூத்திரத்துக்கு அர்த்தமே இல்லை. மொத்தத்தில் ஒன்றுதான் கூடும் என்று காட்ட முடியுமா? இப்போது நர்மதா தாண்டிப் போகவில்லை. ஒவ்வொரு புள்ளியாகக் கை வைத்து நடந்தாள். வாரத்துக்கு மூன்று மணி இப்போதும் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். 'இது தெரிஞ்சதுதானே' என்று தோன்றும் இடங்களில் நின்று, போட்டுப் பார்த்தாள். பெரும்பாலும் தெரிந்ததாகத்தான் இருந்தது. ஒன்பதாவது மாதத்தில் வழி கிடைத்தது. ஒரு முனையில் வெட்டி ஒருமுறை ஒன்று கூடிவிட்டால், மிச்ச மரத்தை மறுமுனையிலிருந்தே வெட்டிக்கொண்டு போகலாம், அங்கே மேலும் கூடாது. ஆகவே எவ்வளவு பெரிய மரமானாலும் மொத்தம் ஒன்றுக்கு மேல் கூடாது. அஸ்வினிக்கு அனுப்பினாள். அவள் இரண்டு வாரம் வைத்திருந்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதினாள்.

புதிய குறிப்பு எட்டுப் பக்கம்தான். இறந்தவர் பெயரை ஆசிரியராகப் போட வேண்டுமானால் குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்றது இதழ். ராபின் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முதலில் பிரின்சியின் பெயர், அதன் அருகில் ஒரு சின்னக் குறி, கீழே 'காலமானார், 2021'. இரண்டாவதாக நர்மதாவின் பெயர். 2025 ஜூனில் வெளிவந்தது.

வெளிவந்த வாரத்தில் ராபின் ஷிப்டுக்குப் போவதற்கு முன் கல்லூரிக்கு வந்தார். நர்மதா கணினியில் புதிய குறிப்பைத் திறந்து காட்டினாள். பிரின்சியின் பெயர் வந்த இடத்தில் அவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, பழையது என்ன ஆயிற்று என்று கேட்டார். அதையும் திறந்தாள். 'திரும்பப் பெறப்பட்டது' என்ற ஆங்கிலச் சொல் ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் பெரிய சிவப்பு எழுத்தில் சாய்வாகக் கிடந்தது. இருவர் பெயர் மேலும் ஏறிக் கிடந்தது.

"இந்தச் செவப்ப எடுக்க முடியாதா மேடம்?"

"முடியாது. அது அப்டியேதான் இருக்கும்."

"அவ பேர் மேலயும்."

"ஆமா."

தன் பெயரின் மேல் மட்டும் விழும்படி செய்ய முடியுமா என்று இதழுக்கு எழுதிக் கேட்டதையும், ஒரு கட்டுரையைப் பாதியாகத் திரும்பப் பெற முடியாது என்று அவர்கள் பதில் எழுதியதையும் நர்மதா சொன்னாள். காரணத்தை அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள், யார் சொன்னார், யார் கேட்கவில்லை என்பது அதில் இருக்கிறது, படிப்பவர்கள் படிப்பார்கள் என்றாள். எத்தனை பேர் படிப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை.

"ரெண்டையும் பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றார் ராபின்.

"பழசு எதுக்கு?"

"அவ எழுதுனதும் அதுல இருக்குதே."

துறையின் பிரிண்டரில் கலர் இல்லை. சிவப்பு எழுத்து சாம்பல் நிறத்தில் வந்தது. இருபது தாள்களையும் வரிசை பார்த்துத் தட்டிச் சேர்த்து, மூலையில் தனித்தனியாகப் பின் அடித்துக் கொடுத்தாள் நர்மதா. ராபின் அவற்றை மடிக்காமல், சாப்பாட்டுப் பைக்குள் டிபன் பாக்ஸை ஓரம் தள்ளி நிமிர்த்தி வைத்தார். கம்பெனி பஸ் கூட்டுரோட்டில் நிற்கும் நேரம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.